ஆய்வேட்டில் இருப்பதைப் பேச்சில் கொண்டுவருவது எப்படி?

தேடல்மொழி

வணக்கம். இலக்கியத்தில் ஆய்வு முடித்துவிட்டு ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். வார இதழ்த் தொடர்கதைகளுக்கு வாசகர்கள் எழுதிய கடிதங்கள்தான் என் ஆய்வுப் பொருள். கதை பாதியில் ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுத்தாளரிடம் சண்டை போட்டவர்கள், கதாநாயகிக்காக மன்றாடியவர்கள், "இது என் கதை, உங்களுக்கு யார் சொன்னது?" என்று கேட்டவர்கள் எல்லாரும் அதில் இருக்கிறார்கள்.

ஆய்வேடு இப்போது நூலக அலமாரியில் இருக்கிறது. அந்தக் கடிதங்களை எழுதியவர்களைப் போன்ற வாசகர்கள் அதை எடுத்துப் படிக்கப்போவதில்லை. அது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. அவர்களைப் பற்றி எழுதிய ஒன்று அவர்களுக்கு எட்டாத மொழியில் இருக்கிறது.

மேடையில் பேசிப் பார்த்தேன். உரை முடிந்ததும் கைதட்டுகிறார்கள், அருமை என்கிறார்கள், நேரமாகிவிட்டது என்று கேள்வி நேரத்தைச் சுருக்கிவிடுகிறார்கள். நான் விரும்புவது உரையாடல். மாதம் ஒரு சந்திப்பு, முடிந்தால் அதையே ஒலிப்பதிவாக்கி வெளியிடுவது என்று யோசிக்கிறேன். எங்கே தொடங்குவது? எவ்வளவு எளிமையாக்கலாம்? எளிமையாக்கினால் ஆய்வு நீர்த்துப்போகாதா? இலக்கியம், பண்பாட்டு ஆய்வு சார்ந்து இப்படிப் பேசிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

ஒலிவாங்கி

ஒலிப்பதிவு பற்றி மட்டும் சொல்கிறேன். எனக்குத் தெரிந்தது அதுதான்.

ஆய்வாளரைப் பேட்டி எடுக்கிறவர்கள் பெரும்பாலும் "நீங்கள் என்ன கண்டுபிடித்தீர்கள்?" என்று தொடங்குவார்கள். உடனே அவர் ஆய்வேட்டின் முடிவுரையை ஒப்பிப்பார். பேச்சு அங்கேயே படுத்துவிடும். கேட்க வேண்டியது "இது உங்களுக்கு எப்படித் தெரிந்தது?" என்பதுதான். அந்தக் கேள்வி வந்ததும் ஆய்வாளரின் குரலே மாறும். எந்த இதழ், எந்த ஆண்டுத் தொகுதி, எந்தப் பக்கம் கிழிந்திருந்தது, ஒரே ஆள் மூன்று புனைபெயரில் எழுதியதை எப்படிப் பிடித்தார் என்று சொல்ல ஆரம்பிப்பார். கேட்பவருக்கு ஆய்வு என்றால் என்ன என்பது அப்போதுதான் தெரிகிறது. முடிவுகள் செய்தித்தாளிலும் கிடைத்துவிடும். ஒரு முடிவுக்கு வந்த வழி ஆய்வு செய்தவரிடம் மட்டுமே இருக்கிறது.

பிபிசி வானொலி 4-இல் 1998 முதல் 'இன் அவர் டைம்' நிகழ்ச்சி வருகிறது. பெரும்பாலும் மூன்று பேராசிரியர்கள், ஒரு நெறியாளர், முக்கால் மணி நேரம், ஒரே பொருள். பல ஆண்டுகள் நெறியாளராக இருந்த மெல்வின் பிராக் அந்தந்தத் துறையில் நிபுணர் அல்ல. ஆனால் தயாராக வருவார், விலகிப் போகிறவர்களை விடாமல் இழுத்துவருவார். பழைய காவியமோ மறந்துபோன கவிஞரோ எதுவானாலும் "கேட்பவருக்குப் புரியாது" என்று அவர்கள் ஒதுக்கியதில்லை. நான் அதில் கவனித்தது, ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுக்கும்போது அந்த மறுப்பை வெட்டாமல் விட்டிருப்பார்கள். அறிஞர்கள் எந்த இடத்தில் ஒத்துப்போகவில்லை என்று கேட்பவருக்குத் தெரிவதே ஒரு பெரிய கல்வி.

நடைமுறையில் சில. தாளைப் பார்த்து வாசிக்காதீர்கள். முன்கூட்டி ஒத்திகை பார்த்தால் நல்ல பதில்கள் ஒத்திகையிலேயே தீர்ந்துபோகும். விருந்தினரின் பட்டங்களையும் விருதுகளையும் படிப்பதை விட்டுவிட்டு நேரே பொருளுக்குள் போங்கள். கடிதம் ஒன்றை முழுதாக வாசிக்கச் சொல்லுங்கள், அவசரமே வேண்டாம்.

பழைய_ஏடு

தம்பி ஒலிவாங்கி சொன்னது சரி. ஆனால் தேடல்மொழி 'எளிமையாக்குவது' என்று கேட்டிருப்பதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. கண்டுபிடிப்பு முழுவதும் ஆய்வாளர் கையில் இருக்கிறது, அதைத் தண்ணீர் ஊற்றி மற்றவர்களுக்குக் கொடுப்பதுதான் பாக்கி என்ற எண்ணம் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. நம் இலக்கிய ஆய்வு வரலாறே அப்படி இல்லை.

1880-இல் கும்பகோணத்தில் நடந்தது எல்லாருக்கும் தெரிந்த கதை. முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார், கல்லூரித் தமிழாசிரியர் உ.வே.சாமிநாதையரிடம் என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார். அந்தாதி, கலம்பகம், புராணம் என்று நீண்ட பட்டியல் வருகிறது. இதனால் என்ன பயன், சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்று அடுத்த கேள்வி. கேட்டவர் நீதித்துறைக்காரர், தமிழ்ப் பேராசிரியர் அல்ல. அந்தப் பேச்சில் தொடங்கியதுதான் 1887-இல் சீவக சிந்தாமணிப் பதிப்பாக வந்தது.

நம் ஆட்கள் கதையை இங்கேயே நிறுத்திவிடுவார்கள். எனக்கு முக்கியம் அடுத்த பகுதிதான். நூலும் நச்சினார்க்கினியர் உரையும் கையில் இருந்தும் சமணக் கருத்துகள் சாமிநாதையருக்குப் பிடிபடவில்லை. அந்த ஊரிலேயே சமணக் குடும்பங்களில் சிந்தாமணியை மரபாகப் படித்து வந்தவர்கள் இருந்தார்கள். அவர்களிடம் போய்ச் சந்தேகம் கேட்டார், அவர்கள் விளக்கினார்கள். புலவர் உலகில் கிட்டத்தட்ட மறக்கப்பட்டிருந்த நூல், சில தெருக்கள் தள்ளி வீடுகளில் உயிரோடு இருந்தது. பதிப்பாசிரியர் வாசகர்களிடம் போய்க் கேட்டிராவிட்டால் அந்தப் பதிப்பு அந்தத் தரத்தில் வந்திருக்காது.

ஆகையால் "என் ஆய்வை எப்படி இறக்கிக் கொடுப்பது" என்று யோசிக்காதீர்கள். உங்களுக்கு இன்னும் விடை தெரியாத கேள்வி எது என்று பாருங்கள். அதை எடுத்துக்கொண்டு போங்கள்.

கேள்விக்குறி

எல்லாரும் ஒரே பக்கம் சாய்வதால் எதிர்த்தரப்பைச் சொல்கிறேன். எனக்கு உரையாடல் மேல் நம்பிக்கை குறைவு.

சமணக் குடும்பங்களை எடுத்துக்காட்டாகச் சொன்னீர்கள். அவர்கள் அந்த நூலைத் தலைமுறை தலைமுறையாகப் படித்தவர்கள், அந்த விஷயத்தில் அவர்களே அறிஞர்கள். ஒரு பொதுக் கூட்டத்துக்கு வருகிறவர் அப்படியா? மூன்று வகைப் பேர் வருவார்கள். தன் மொழியைப் புகழ்ந்து கேட்கவே வருகிறவர், தன் சொந்தக் கதையைச் சொல்ல வருகிறவர், கைப்பேசியில் வந்த செய்தியை ஆதாரமாக நீட்டுகிறவர். ஆய்வாளர் நாகரிகம் கருதித் தலையாட்டுவார். கடைசியில் "எல்லாருடைய வாசிப்பும் ஒரு வாசிப்புதான்" என்று முடித்துவைப்பார்கள்.

அப்படி இல்லை என்பதுதான் ஆய்வின் அடிப்படை. பிரதியில், அதாவது நாம் வாசிக்கும் எழுத்தில், இல்லாததை இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் இல்லை என்று சொல்லியாக வேண்டும். பேராசிரியர்களே ஒருவரையொருவர் மறுப்பது வேறு. மேடையில் இருப்பவர் முன்வரிசையில் இருக்கும் ஒரு பெரியவரை மறுப்பது வேறு. இரண்டாவதற்கு நம்மிடம் பழக்கம் இல்லை.

வாசகி_மட்டும்

நான் எந்தப் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்தவள் இல்லை. நாற்பது வருடமாகக் கதை படிக்கிறேன். கேள்விக்குறி சொன்ன மூன்று வகையில் நான் எதில் வருவேன் என்று தெரியவில்லை.

தொடர்கதைக் கடிதங்கள் என்றதும் எனக்குப் பேச ஆயிரம் இருக்கிறது. இதழ் வீட்டுக்கு வந்ததும் யார் முதலில் படிப்பது என்ற போட்டி, வேலையெல்லாம் முடிந்த பிறகுதான் அம்மாவின் முறை வரும், அதற்குள் நாங்கள் கதையைச் சொல்லிவிடக் கூடாது என்ற கட்டுப்பாடு. அத்தியாயங்களைக் கிழித்துத் தைத்து வைத்திருந்தோம். அந்தக் கட்டில் விளம்பரமும் துணுக்கும் சேர்ந்தே இருக்கும். பிறகு அதே கதையைப் புத்தகமாக வாங்கிப் படித்தபோது அது வேறு ஏதோ கதை மாதிரி இருந்தது. ஏன் அப்படித் தோன்றியது என்று யாராவது ஆராய்ந்திருக்கிறார்களா? அதைக் கேட்கத்தான் நான் கூட்டத்துக்கு வருவேன், பாராட்டுக் கேட்க அல்ல.

தேடல்மொழி

வாசகி அம்மா, நீங்கள் கேட்டது என் ஆய்வேட்டில் ஓர் அடிக்குறிப்பாகத்தான் இருக்கிறது. தொடராக வந்தபோது வாரக் கடைசியில் விழும் திருப்பம், அடுத்த வாரம் வரை வாசகர் மனத்துக்குள் ஓட்டும் கதை, படங்கள் எல்லாமே புத்தகத்தில் காணாமல் போகின்றன. சிலர் புத்தகமாக்கும்போது அத்தியாயங்களைச் சுருக்கியும் மாற்றியும் இருக்கிறார்கள். ஆனால் யார் எந்த வரிசையில் படித்தார்கள், யாருக்கு எப்போது முறை வந்தது என்பது எந்த இதழிலும் பதிவாகவில்லை. அதற்கு உங்களைப் போன்றவர்களைத்தான் கேட்க வேண்டும்.

கேள்விக்குறி சொல்வதில் எனக்குப் பயம் இருக்கிறது. மறுத்துப் பேசுவது எப்படி என்று யாராவது சொல்லுங்கள்.

நடுப்பக்கம்

வாசிப்புக் குழு நடத்துகிறேன், பத்துப் பன்னிரண்டு பேர். கேள்விக்குறிக்கும் தேடல்மொழிக்கும் சேர்த்துப் பதில்.

மறுப்பை ஆய்வாளர் தன் வாயால் சொல்லத் தேவையில்லாத மாதிரி கூட்டத்தை அமைக்கலாம். ஆளுக்கொரு தாள் கொடுத்துவிடுங்கள். பேசப்படும் பகுதி முழுதாக அதில் இருக்கட்டும். யார் எது சொன்னாலும் "எந்த வரியில்?" என்று கேளுங்கள். எல்லாரையும் கேளுங்கள், உங்களையும் சேர்த்து. பெரியவரை நீங்கள் மறுக்கவில்லை, தாளில் அந்த வரி இல்லை, அவ்வளவுதான். இரண்டு மூன்று தடவை இது நடந்தபின் குழுவே ஒருவரையொருவர் கேட்க ஆரம்பித்துவிடும்.

ஓர் உதாரணம். எங்கள் குழுவில் புறநானூறு 192 எடுத்தோம். கணியன் பூங்குன்றனார் பாட்டு. 'யாதும் ஊரே யாவரும் கேளிர்' என்று நான் தொடங்கியதும் எல்லாரும் கூடவே சொன்னார்கள். உலக ஒற்றுமை, தமிழனின் பெருமிதம் என்று வரிசையாக வந்தது. பிறகு தாளைக் கொடுத்தேன். பதின்மூன்று அடி. பாதிப் பேர் அன்றுதான் முழுப்பாட்டையும் பார்த்தார்கள்.

மெல்ல வாசித்தோம். தீதும் நன்றும் பிறர் தர வருவதில்லை. சாவு புதிதில்லை. வாழ்வது இனிது என்று மகிழ்ந்ததும் இல்லை, வெறுத்துத் துன்பம் என்றதும் இல்லை. அப்புறம் அந்த ஆறு வருகிறது. மின்னலோடு மழை கொட்டி, கல்லில் மோதி ஒலித்து ஓடும் பேராறு, அதன் நீர்ப்போக்கில் அடித்துப்போகும் புணை, அதாவது தெப்பம். 'நீர்வழிப் படூஉம் புணைபோல் ஆருயிர் முறைவழிப் படூஉம்.' இதைத் தெளிந்ததால்தான் பெரியோரை வியப்பதும் இல்லை, சிறியோரை இகழ்வது அதைவிட இல்லை என்று முடிகிறது.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ஒரு பெண்மணி கேட்டார்: "அப்படியானால் இது உலகத்தை நேசிக்கச் சொல்லும் பாட்டா, எதுவும் நம் கையில் இல்லை என்று சொல்லும் பாட்டா?" இன்னொருவர் உடனே இரண்டாம் அடியைக் காட்டினார். தீதும் நன்றும் பிறர் தர வாரா என்றால் நம் கையில் இருக்கிறது என்றுதானே பொருள்? ஆனால் புணை தானாகப் போவதில்லையே. இரண்டும் எப்படி ஒரே பாட்டில்? அந்தக் கட்டத்தில்தான் ஆய்வுக்கு இடம் கிடைத்தது. திணை பொதுவியல், துறை பொருண்மொழிக்காஞ்சி (வாழ்வுக்கு உறுதியான பொருளை எடுத்துச் சொல்வது) என்று பழைய குறிப்பு இருக்கிறது. அந்தத் துறையில் வேறு என்ன பாட்டுகள் வைக்கப்பட்டிருக்கின்றன, 'முறை' என்பதை உரைகாரர் ஊழ் என்று எடுப்பது ஏன், அக்காலச் சமயச் சிந்தனைகளோடு இதை இணைத்து ஆய்வாளர்கள் என்ன வாதிட்டார்கள் என்றெல்லாம் சொன்னேன். முதலிலேயே சொல்லியிருந்தால் பாடம் ஆகியிருக்கும். அவர்கள் முட்டிக்கொண்டு நின்றபோது சொன்னதால் ஒவ்வொரு தகவலும் அவர்களுக்குத் தேவையான ஒன்றாக இருந்தது.

பெருமை கேட்க வந்தவர்களும் அந்தக் குழுவில் இருந்தார்கள். யாரும் ஏமாந்து போகவில்லை. முதலடியை மட்டும் தெரிந்து வைத்திருந்ததைவிடப் பெரிய ஒன்று கிடைத்தது என்றுதான் சொன்னார்கள்.

கேள்விக்குறி

நல்ல எடுத்துக்காட்டு. தாளை நடுவில் வைப்பதை ஏற்கிறேன். என் சந்தேகம் பாதி குறைந்தது.

மீதிப் பாதி இது. பாட்டுக்குத் தாள் போதும். பண்பாட்டு ஆய்வுக்கு? திரைப்படம் பார்க்கும் பழக்கம், தொலைக்காட்சித் தொடர், விளம்பரம் இவற்றையெல்லாம் பேசும்போது எந்த வரியில் என்று கேட்க முடியாது. அங்கே அனுபவம்தான் ஆதாரமாக வரும்.

பழைய_ஏடு

அந்தத் துறை பிறந்ததே அப்படிப்பட்ட கேள்வியோடுதான், நண்பரே. பிரிட்டனில் 1903-இல் தொழிலாளர் கல்விச் சங்கம் தொடங்கியது. 1908 முதல் நடந்த அதன் மாலை வகுப்புகளில் ஒரு மணி நேரம் பாடம், அடுத்த ஒரு மணி நேரம் விவாதம். விவாதம் பாடத்தின் மிச்சம் அல்ல, சரிபாதி. இரண்டாம் உலகப் போருக்குப் பின், பண்பாட்டு ஆய்வின் முன்னோடிகளான ரேமண்ட் வில்லியம்ஸ், ரிச்சர்ட் ஹோகார்ட், இ.பி.தாம்சன் மூவரும் இத்தகைய முதியோர் வகுப்புகளில் ஆண்டுக்கணக்கில் பாடம் நடத்தினார்கள். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் வேலை முடித்து வந்தவர்கள். நீங்கள் சொல்லும் இலக்கியத்துக்கும் நாங்கள் படிக்கும் இதழ்களுக்கும் என்ன உறவு என்று கேட்கக்கூடியவர்கள். ஹோகார்ட் 1964-இல் பர்மிங்ஹாமில் தற்காலப் பண்பாட்டு ஆய்வு மையத்தைத் தொடங்கியதற்குப் பின்னால் இந்த வகுப்பறைகள் இருக்கின்றன. அடுத்து அதை நடத்திய ஸ்டூவர்ட் ஹால் 1979-இல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். அங்கே சேர முன்தகுதி தேவையில்லை.

அனுபவத்தை ஆதாரமாக எப்படிக் கையாள்வது என்பதற்கும் வழிகள் உண்டு. நெதர்லாந்தில் இயன் ஆங் என்ற ஆய்வாளர் ஓர் இதழில் சின்ன அறிவிப்பு கொடுத்தார். எனக்கு 'டல்லஸ்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் பார்க்கப் பிடிக்கும், ஆனால் அதைப் பற்றி விநோதமான எதிர்வினைகள் வருகின்றன, உங்களுக்கு ஏன் பிடிக்கிறது அல்லது பிடிக்கவில்லை என்று எழுதுங்கள் என்பது அதன் சாரம். 42 பதில்கள் வந்தன. 1982-இல் டச்சிலும் 1985-இல் ஆங்கிலத்திலும் வந்த அவர் நூலுக்கு அவைதான் அடித்தளம். எழுதியவர்கள் சொன்னதை அப்படியே உண்மை என்று அவர் எடுத்துக்கொள்ளவில்லை. அவற்றையும் பிரதிபோல் வாசித்தார். தொடர் பிடிக்கும் என்று சொன்னவர்கள் ஏன் மன்னிப்புக் கேட்கும் குரலில் எழுதினார்கள் என்று பார்த்தார். தானும் அதை ரசிப்பவர் என்று முதலிலேயே சொல்லிவிட்டது எனக்குப் பெரிதாகப் படுகிறது. தேடல்மொழி, உங்கள் பொருளுக்கு இது மிகவும் பக்கத்தில் இருக்கிறது.

வாசகி_மட்டும்

ஒன்று சொல்லட்டுமா. பிரதிபோல் வாசித்தார் என்பது எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது.

சில வருடம் முன்பு ஓர் ஆய்வு மாணவர் வந்து பேசினார். நன்றாகத்தான் பேசினோம். பிறகு அவர் கட்டுரையில் நான் சொன்னது "நடுத்தர வர்க்கப் பெண் வாசகரின் தப்பித்தல் மனநிலை" என்று வந்திருந்ததை என் உறவினர் பெண் காட்டினாள். நான் தப்பித்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டிருந்தால் மறுத்திருப்பேன். அல்லது யோசித்துப் பார்த்து ஒத்துக்கொண்டும் இருப்பேன். கேட்கவில்லை என்பதுதான் விஷயம். என்னோடு பேசுவதாக நினைத்தேன், என்னைப் பற்றி எழுதக் குறிப்பு எடுத்திருக்கிறார்.

தேடல்மொழி

அம்மா, இதை நீங்கள் எழுதியதற்கு நன்றி. ஒலிப்பதிவு செய்யும்போது முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் வாங்குவதோடு, யாருடைய பேச்சையாவது கட்டுரையில் எடுத்தாண்டால் அந்தப் பத்தியை அவரிடம் காட்டி, அவர் மறுப்பு இருந்தால் அதையும் கட்டுரையிலேயே சேர்ப்பது என்று முடிவு செய்கிறேன். மறுப்பும் ஆய்வுக்கு உரியதுதான்.

அரைவெளிச்சம்

நான் இன்னும் ஆய்வு மாணவன். எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் இதற்கெல்லாம் நேரம் எங்கே? இதழில் கட்டுரை வந்தால் மதிப்பெண், கருத்தரங்கில் படித்தால் சான்றிதழ். ஒரு மாலை முழுக்கப் பன்னிரண்டு பேரோடு பேசினால் எந்தப் படிவத்தில் எழுதுவது? என் வழிகாட்டி இதைப் பொழுதுபோக்கு என்கிறார்.

ஒலிவாங்கி

அரைவெளிச்சம், பிரிட்டனில் பல்கலைக்கழக ஆய்வு மதிப்பீட்டில் இதற்கு இடம் கொடுத்தார்கள். ஆய்வு வெளியுலகில் ஏற்படுத்திய தாக்கத்துக்கு 2014-இல் 20 விழுக்காடு, 2021-இல் 25 விழுக்காடு. அதனால் வாசல் திறந்தது உண்மை. ஆனால் தாக்கத்தை நிரூபித்துக் காட்ட வேண்டிய கட்டாயமும் வந்தது. ஒரு கவிதையைப் பற்றிய பேச்சு யாருக்குள் என்ன செய்தது என்று எந்தச் சான்றை இணைப்பது? எண்ணிக் காட்டக்கூடிய நிகழ்ச்சிகளாகவே நடத்தத் தோன்றும். மதிப்பெண் வரும் வரை காத்திருக்காதீர்கள் என்றுதான் சொல்வேன்.

நடுப்பக்கம்

தம்பிக்கு நேரம் பற்றி ஒன்று. தனியாக ஒரு வேலையாக இதைச் செய்தால் நேரம் கிடைக்காது. எழுதிக்கொண்டிருக்கும் அத்தியாயத்தில் எது சிக்கிக்கொண்டிருக்கிறதோ அந்தப் பக்கத்தையே குழுவுக்கு எடுத்துப் போங்கள். அன்றைய மாலை உங்கள் அத்தியாயத்துக்கான வேலையாகவே ஆகிவிடும். சொல்லிப் புரியவைக்க முடியாத வாக்கியம் பெரும்பாலும் உங்களுக்கே சரியாகப் புரியாத வாக்கியமாக இருக்கும். அதைக் கண்டுபிடிக்க இதைவிடக் குறுக்கு வழி எனக்குத் தெரியாது.

கேள்விக்குறி

தேடல்மொழி, முதல் சந்திப்புக்கு என்ன எடுத்துப் போகிறீர்கள்? சொன்னால் நானும் வந்து எதிர்த்தரப்பில் உட்காருகிறேன்.

தேடல்மொழி

கட்டாயம் வாருங்கள்.

ஒரு தொடரின் ஒரே ஒரு வார அத்தியாயம், அந்த வாரத்துக்கு வந்த மூன்று கடிதங்கள், அதே அத்தியாயம் புத்தகத்தில் இருக்கும் வடிவம். இவ்வளவுதான் தாளில். விளம்பரத்தோடும் படத்தோடும் அசல் பக்கத்தின் நகலையே கொடுக்கப் போகிறேன், தட்டச்சு செய்து அல்ல. என் கேள்வியும் ஒன்றுதான். கதாநாயகியை மன்னித்துவிடும்படி கடிதம் எழுதியவர்களில் பலர் அவள் செய்தது தவறு என்றும் அதே கடிதத்தில் எழுதியிருக்கிறார்கள். இதை ஆய்வேட்டில் 'முரண்' என்று எழுதிவிட்டுக் கடந்துபோனேன். அது முரண்தானா என்று எனக்கு இப்போது உறுதியில்லை.

வாசகி அம்மா, முதல் கடிதத்தை நீங்கள் வாசிக்க முடியுமா?

வாசகி_மட்டும்

வாசிக்கிறேன். தாளை முன்னாலேயே அனுப்பிவிடுங்கள், ஒரு தடவை வீட்டில் படித்துப் பார்த்துவிட்டு வருகிறேன். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். எங்களிடம் தைத்து வைத்த கட்டு ஒன்று பத்திரமாக இருக்கிறது, அதையும் எடுத்து வருகிறேன். ஓரத்தில் அம்மா பென்சிலால் ஏதோ எழுதியிருக்கிறார், நாங்கள் யாரும் இதுவரை சரியாகப் படித்ததில்லை.